உள்பக்கம் திறந்த கதவு

மாமா,

நீங்கள் கட்டி அடைத்த பின்சுவரை இன்று காலை உடைத்தோம். சிவராசாதான் அலவாங்குக் கம்பியை எடுத்தவன். முதல் அடியிலேயே பூச்சு பொரிந்து விழுந்தது. உள்ளேயிருந்த கல் கடற்கரை ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போய்க் கிடந்ததால், தூசியோடு ஒரு புளித்த சீமெந்து வாசம் கிளம்பி வந்தது. அந்த வாசம் எனக்குத் தெரியும். ஒருமுறை அதை மூக்கில் வாங்கியவளுக்கு மறக்காது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மதிலில் வைத்துவிட்டு வெளி வாசலுக்குப் போய் நின்றேன். றோட்டோரத்து நிழலில் இரண்டு கழுதைகள் படுத்திருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு, மூச்சு வழமைக்கு வரும்வரைக்கும் நின்றேன்.

உங்கள் ஆண்டுப் பூசைக்குச் சின்னதாக ஒரு நினைவுப் புத்தகம் அடித்தார்கள். மருமகள் என்ற முறையில் நானும் எழுத வேண்டும் என்று கனடாவிலிருந்து மச்சாள் அழைத்துச் சொன்னாள். ‘மாமா கடும் உழைப்பாளி, விடிய முதல் எழும்புகிறவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் இல்லை. அதற்கு மேல் எழுதினால் அச்சில் போட மாட்டார்கள் என்பதால் நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை இப்போது உங்களுக்கே எழுதுகிறேன். இதிலும் ‘நீங்கள்’ என்றுதான் எழுத வருகிறது. நாக்குப் பழகிய மரியாதை அது, மனது கொடுத்தது அல்ல.

நான் தோட்டவெளியிலிருந்து உங்கள் மகன் ஜூட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்த ஐஸ் தொழிற்சாலை கட்டி முடிகிற தறுவாயில் இருந்தது. நீங்கள் அதுவரை படகும் வலையும் வைத்து ஆட்களை நடத்திய சம்மாட்டி. ஐஸ் கட்டிக்காக மற்றவனின் வாசலில் லொறியை நிறுத்தி, மீன் மணக்க மணக்கக் காத்து நின்றது போதும் என்று சொந்தமாகத் தொடங்கினீர்கள். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்வேலை படித்தவள், கலியாணத்துக்கு முதல் கட்டடங்களுக்கு வயரிங் செய்யும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவள். அது உங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த புதிதில் என்னைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனதும் நீங்கள்தான்.

“பிள்ளை கரண்ட் வேலை படிச்சதெல்லோ. வந்து பார்த்து எல்லாம் சரியோ எண்டு சொல்லு” என்றீர்கள்.

பனல் அறையைப் பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. தொழிற்சாலைக்கு வருகிற மின்சாரமெல்லாம் வந்து பிரிகிற இடம் அது. பெரிய இரும்புப் பெட்டிகள் ஒரு சுவரோடு வரிசையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் வெறும் தரை. ஒருவர் பெட்டியைத் திறந்து, குனிந்து நிமிர்ந்து வேலை செய்து, திடுக்கிட்டுப் பின்னால் பாய்ந்தாலும் எதிர்ச்சுவரில் முதுகு முட்டாத அளவு தரை. அறையின் இரண்டு தலைப்பிலும் ஒவ்வொரு கதவு. இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை. புகைக்குள் நின்று கைபிடியைத் தடவத் தேவையில்லை, உடம்பைச் சாய்த்தாலே திறந்துவிடும்.

“ஒரு அறைக்கு ஏன் பிள்ளை ரெண்டு கதவு? ஒண்டு காணாதோ?” என்று கேட்டீர்கள்.

“ஒரு பக்கம் நெருப்பெண்டால் மற்றப் பக்கத்தால ஓட வேணும் மாமா. நெருப்பைத் தாண்டி ஓட ஏலாது.”

“ஏன் வெளிப்பக்கம் திறக்குது?”

“உள்ள ஆள் விழுந்து கிடந்தாலும் வெளியால இருக்கிற நாங்கள் இழுத்துத் திறக்கலாம். உள்பக்கம் திறக்கிற கதவெண்டால் விழுந்த ஆளே கதவுக்கு முட்டாக் கிடப்பார்.”

நீங்கள் சிரித்துக்கொண்டே என் தலையில் கை வைத்தீர்கள். “நல்லாத்தான் படிச்சிருக்கிறாய்” என்றீர்கள். ஆகவே மாமா, தெரியாமல் நடந்தது என்று மட்டும் எவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். கேட்டவர் நீங்கள், சொன்னவள் நான், சிரித்ததும் நீங்கள்.

மகள் பிறந்தபோது நான் தோட்டவெளியில் அம்மா வீட்டில் இருந்தேன். பிள்ளையோடு திரும்பி வந்து, ஒருநாள் ஜூட்டுக்குச் சாப்பாடு கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். பனல் அறையின் பின்கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மீன் நிறுக்கிற கொட்டில் போட்டிருந்தீர்கள். முன்கதவு வெளியே திறந்தால் ஐஸ் ஏற்ற வருகிற லொறிக்கு இடைஞ்சல் என்று பிணைச்சலைக் கழற்றி உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றியிருந்தீர்கள். தொழிற்சாலையிலேயே ஈரம் குறைந்த அறை அதுதான் என்பதால், ஐஸ் தொட்டிக்குப் போடுகிற உப்பு மூடைகளை அங்கே அடுக்கியிருந்தீர்கள். பெட்டிகளுக்கு முன்னால் இருந்த அந்த வெறும் தரை முழுக்க உப்பு. ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் போகலாம்.

நான் நேரே உங்களிடம் வந்தேன். கோபத்தோடு வரவில்லை. அப்போது எனக்கு உங்களில் கோபப்படத் தெரியாது.

“மாமா, உப்பை வேற எங்கையாவது வையுங்கோ. அந்த இடம் சும்மா கிடக்கிற இடமில்லை. வேலை செய்யிறவர் நிக்கிற இடம்.”

“நாள் முழுக்க ஆர் பிள்ளை அதுக்குள்ள நிக்கிறது? எப்பவாவது ஒருக்கா ஒருத்தன் போய் ஒரு சுவிச்சைப் போட்டிட்டு வருவான்.”

“அந்த ஒருக்காவுக்குத்தான் மாமா அந்த இடம்.”

“என்ர காணி, என்ர கட்டடம். ஒரு சுவரும் கதவும் வைக்கவும் உன்னட்டக் கேட்க வேணுமோ?”

பக்கத்தில் நின்ற படகுக்காரர் இருவர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் உங்களுக்கு அந்தச் சுவர் இன்னும் பிடித்துப்போனது. அதன்பிறகு நான் எப்போது கேட்டாலும் ‘பாப்பம்’ என்பீர்கள். பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது உங்கள் வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சோளகக் காற்று பலமாக அடித்த ஒரு நாள் காலையில் மின்சாரம் போனது. ஜெனரேற்றரும் பழுதாகிக் கிடந்தது. மத்தியானம் திரும்பக் கரண்ட் வந்தபோது வாசலில் லொறிகள் வரிசையில் நின்றன. நான் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டுச் சாப்பாட்டோடு வந்திருந்தேன். மெயின் பிரேக்கர் நிற்கவில்லை, போடப் போட விழுந்துகொண்டிருந்தது. ஜூட் அறையிலிருந்து வெளியே வந்து உங்களிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

“அப்பா, உள்ள ஏதோ பிழை இருக்கு. மூடையை எடுத்திட்டு, பெட்டியை வடிவாத் திறந்து பாக்க வேணும். ரெண்டு பேரை விடுங்கோ.”

“ஐஸ் உருகுது. சனம் நிக்குது. முதல்ல போட்டிட்டு வா. மூடை பிறகு எடுக்கலாம்.”

ஜூட் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு உள்ளே போனான். காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

பெரிய சத்தம் ஒன்று. கதவின் கீழ் இடுக்கால் வெள்ளை வெளிச்சம் பாய்ந்தது. வெளியே கம்பத்தடியிலும் ஏதோ வெடித்து, தொழிற்சாலை முழுவதும் ஒரேயடியாக அடங்கிப் போனது. அந்த அமைதிக்குள் ஜூட் கத்தினான்.

ஏன் பொறி பறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உப்பு ஈரம் பெட்டிக்குள் போயிருக்கலாம், பிரேக்கரே உள்ளுக்குள் போயிருக்கலாம். அதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் சொல்கிறேன். வெளிச்சம் அடித்தவுடன் அவன் பின்னால் பாய்ந்திருக்கிறான். பின்னால் உப்பு மூடை. அதில் இடறி, கதவடியில் விழ, அடுக்கின் மேல்வரிசை அவன் கால்களின் மேல் சரிந்து விழுந்திருக்கிறது. கதவு உள்பக்கம் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் அவன் கிடந்தான்.

நீங்களும் நானும் ஒன்றாகத்தான் தள்ளினோம். உங்கள் தோள் என் தோளோடு இடித்தது. கதவு கை நுழையும் அளவு திறந்து நின்றுவிட்டது. அந்த இடுக்கால் புகையும், சட்டைத் துணி எரிகிற நாற்றமும், வேறொரு நாற்றமும் வந்தன. நீங்கள் “ஜூட், ஜூட்” என்று அழுதுகொண்டே இன்னும் பலமாகத் தள்ளினீர்கள்.

“தள்ளாதேங்கோ அப்பா. என்ர கால். தள்ளாதேங்கோ.”

நாங்கள் தள்ளிய ஒவ்வொரு தள்ளும் அவன்மேல்தான் விழுந்திருக்கிறது, மாமா. அவனைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொண்டு அவனை நசித்தோம்.

சிவராசா அடம்பனிலிருந்து வந்து இயந்திரம் பார்க்கிறவன். அவன்தான் பின்பக்கம் ஓடிப்போய்க் கத்தினான். “முதலாளி, இந்தச் சுவரை உடைச்சால்தான் வழி. அலவாங்கைத் தாங்கோ.” நீங்கள் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றீர்கள். என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு அலவாங்கை அவன் கையில் கொடுக்காமல் நீங்களே ஓங்கினீர்கள். உங்கள் வயதுக்கு அப்படி அடிப்பீர்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது, நீங்கள் நிறுத்தவில்லை. இதை எழுதாமல் விட்டால் நானும் உங்களைப்போலப் பொய் சொன்னவள் ஆவேன். அந்த ஓட்டைக்குள்ளால்தான் ஜூட்டை வெளியே எடுத்தோம். அப்போதுதான் அந்தப் புளித்த சீமெந்து வாசம் என் மூக்கில் ஏறியது.

மன்னார் ஆசுபத்திரியில் காட்டி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் எரிந்திருந்தன. கழுத்தும் ஒரு காதும் எரிந்திருந்தன. அந்த முதல் கணத்தில் அவ்வளவும் எரிந்திருக்காது, சட்டைக் கை உடனே அணைந்திருந்தால் முழங்கை தப்பியிருக்கும் என்று மருத்துவர் எனக்குச் சொன்னார். நீங்கள் அப்போது வெளியே வாங்குப் பலகையில் செபமாலையோடு இருந்தீர்கள். உள்ளே வந்து கேட்கச் சொல்லிக் கூப்பிட்டேன். “பிறகு வாறன்” என்றீர்கள்.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். அவர் முதலில் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆசுபத்திரிக்கு வந்திருந்தார். கூடவே நீங்கள். அவர் ஜூட்டிடம் கேட்டார், ஜூட்டுக்கு மயக்க மருந்தில் வாய் குழறியது. “அவனுக்கு ஏலாது ஐயா, நான் சொல்லுறன்” என்று நீங்கள் முன்னுக்கு வந்தீர்கள். மகன் அவசரக்காரன், மெயினை நிறுத்தாமல் கை வைத்துவிட்டான் என்றீர்கள். நான் கட்டிலின் மறுபக்கம் நின்று, “அறை முழுக்க உப்பு மூடை ஐயா. கதவு உள்பக்கம் திறக்கிறது. வெளிய எடுக்க ஏலாமல் கிடந்தவர்” என்றேன்.

அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நான் இண்டைக்குக் காலமை பார்த்தனான் தங்கச்சி. அதுக்குள்ள ஒரு மூடையும் இல்லை. கதவு வெளிப்பக்கம்தான் திறக்குது. பின் ஓட்டை அவரை எடுக்க உடைச்சதெண்டு முதலாளி சொன்னவர்.”

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மகனின் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஜூட் ஆசுபத்திரியில் தோல் உரிந்து கிடக்க, நீங்கள் தொழிற்சாலையில் நின்று மூடைகளைத் தூக்குவித்திருக்கிறீர்கள். தச்சனைக் கூப்பிட்டுப் பிணைச்சலைக் கழற்றி மறுபக்கம் பூட்டுவித்திருக்கிறீர்கள். தெரியாதவன் பிணைச்சலை மாற்ற மாட்டான், மாமா. எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் மாற்றுவான்.

அதிகாரி நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போனார். நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போய்ச் செய்த முதல் வேலை, நாங்கள் உடைத்த ஓட்டையைத் திரும்பவும் கல் வைத்து அடைத்தது.

ஜூட் வீட்டுக்கு வந்தபோது வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளைந்திருந்தன. சட்டைப் பொத்தான் போட முடியாது. கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத்தான் குடிப்பான். மகளைத் தூக்க ஆசைப்பட்டு, தூக்கினால் நழுவிவிடும் என்று பயந்து, அவளை மடியில் ஏற்றிவிடச் சொல்லி என்னைக் கேட்பான். நீங்கள் அவனுக்குத் தொழிற்சாலை வாசலில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தீர்கள். வருகிறவர்களிடம் அவன் காது கேட்கவே சொல்வீர்கள்: “பெடியன் அவசரப்பட்டிட்டான்.”

ஒருநாள் நான் அங்கே நின்றேன். பக்கத்துத் தாராபுரத்திலிருந்து ஐஸ் எடுக்க வந்த வியாபாரி ஒருவர் ஜூட்டின் கையைப் பார்த்து, “என்ன தம்பி இது” என்று கேட்க, நீங்கள் தொடங்கினீர்கள்.

“மாமா, பொய் சொல்லாதேங்கோ” என்றேன். எல்லாரும் திரும்பினார்கள்.

“பிள்ளை, நீ வீட்டுக்குப் போ.”

“போறன். அதுக்கு முதல் இவருக்குச் சொல்லுங்கோ, கதவை எப்ப மாத்தினனீங்கள் எண்டு.”

உங்கள் முகம் கறுத்தது. “கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன? நெருப்பு நெருப்புத்தானே. அது எப்பிடியும் சுட்டிருக்கும்.”

“நெருப்பு ஒரு கணம்தான் மாமா. மிச்சம் முழுக்க உங்கட கதவு.”

வியாபாரி ஐஸ் எடுக்காமலே லொறியில் ஏறினார். அன்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை. மேசையில் கறி வேண்டுமென்றால் மாமியிடம் கேட்டீர்கள், மாமி என்னிடம் கேட்டாள். நான் கொடுத்தேன். அதற்காக நான் வருந்தியதே இல்லை. உங்கள் வாயிலிருந்து ‘பெடியன் அவசரப்பட்டிட்டான்’ என்பதை அதன்பிறகு எவரும் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

நீங்கள் போன பிறகு தொழிற்சாலை என் கைக்கு வந்தது. பின்கதவைத் திரும்ப வைக்க வேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம் ஜூட் தள்ளிப்போட்டான். “அப்பா கட்டினது, கிடக்கட்டும். உம்மட கோபத்தை அந்தச் சுவரில காட்டாதேயும்” என்பான். இன்று உடைக்கும்போது முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தான். அடி ஓரத்துப் பழைய கல் கழன்று வந்தபோது எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றான்.

“இந்தச் சுவரை அப்பா தனியக் கட்டேல்லை” என்றான். “நான்தான் கல்லெடுத்துக் குடுத்தனான். சாந்தும் நான்தான் குழைச்சது. நீர் தோட்டவெளியில நிண்ட நேரம்.”

“ஏன் எனக்கு இதைச் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது. பிழையெண்டு எனக்கும் தெரியும். அப்பா கல்லைத் தா எண்டார். குடுத்தன்.”

இத்தனை காலமும் அவன் ஏன் உங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் உங்களை மன்னித்ததாகச் சுவாமியார் பிரசங்கத்தில்கூட மெச்சிப் பேசினார். அது மன்னிப்பு அல்ல. தனக்குக் கிடைத்தது தான் சம்பாதித்தது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அந்தக் கைகளால் உங்கள் சவப்பெட்டியைத் தூக்கினான், பிடிக்க முடியாமல் மணிக்கட்டைக் கொளுவித் தூக்கினான். மாமா, அவன் கையை எரித்ததைவிட இதற்குத்தான் இன்று எனக்கு உங்களில் அதிகம் எரிகிறது. அப்பாவுக்கு ‘ஏலாது’ என்று சொல்லலாம் என்பதை நீங்கள் உங்கள் மகனுக்குப் பழக்கவில்லை. பிழையென்று தெரிந்தும் கல்லை எடுத்துக் கொடுக்கிற மகனை வளர்த்துவிட்டு, அதைக் கீழ்ப்படிவு என்று ஊருக்குப் பெருமையாகச் சொன்னீர்கள். நான் அவனைத் திட்டவில்லை. “தேத்தண்ணி ஆறியிருக்கும், வாருமன்” என்று மட்டும் சொன்னேன். கோப்பையை அவன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, இதை எழுத வந்தேன்.

ஒன்றை இதுவரை நான் ஜூட்டுக்கும் சொல்லவில்லை. உங்கள் கடைசி நாட்களில் மாமிக்கு ஏலாமல் போக, உங்களுக்குக் கஞ்சி பருக்கியது நான். ஒரு பின்னேரம், நெடுநாளைக்குப் பிறகு என்னிடம் நேரே பேசினீர்கள்.

“பிள்ளைக்கு என்னில இன்னும் கோபமோ?”

“ஓம் மாமா.”

கரண்டி என் கையில் நின்றது. நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள்.

“சாகப் போறவனில கோபம் வச்சிருக்கிறது நல்லதில்லை.”

“‘கதவை மாத்தினது நான்தான்’ எண்டு ஜூட்டிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ. விட்டிடுறன்.”

நான் உண்மையாகத்தான் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். முற்றத்தில்தான் ஜூட் நின்றான், கூப்பிட்டால் கேட்கிற தூரம். நீங்கள் கூரையிலிருந்து கண்ணை எடுத்து வாசல் பக்கம் பார்த்தீர்கள். பிறகு வாயைத் திறந்தீர்கள். மகனைக் கூப்பிட அல்ல, கஞ்சிக்கு. நான் பருக்கினேன்.

சுவாமியார் இன்னமும் என்னைக் காணும்போதெல்லாம் மனதை இலேசாக்கச் சொல்கிறார். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். ஆனால் போன மாதம் மழை தூறியபோது, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் உப்பு மூடைகளை அந்த அறை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். “ஒரு ராத்திரிக்குத்தானே அக்கா” என்றார்கள். நல்ல பெடியங்கள், நனையாமல் இருக்கட்டும் என்று நினைத்துச் செய்தது. ஓம் என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது. அப்போது உங்கள் ‘பிறகு எடுக்கலாம்’ காதில் கேட்டது. பழைய கோபம் கொஞ்சமும் குறையாமல் ஏறி வந்தது. முதல் மூடையை நானே தோளில் ஏற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கினேன். அவர்கள் மற்றவற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்தக் கோபம்தான், மாமா. அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை.